உடைந்த பல்சக்கரங்களுக்கு முதலிடம்

பினாங்கில் ஓர் அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உத்தியோகத்தின் பெயர் காவலர். வேலை, "தொடாதீர்கள்" என்று சொல்வது. இத்தனை வருடத்தில் பார்வையாளர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, கழிவறை எந்தப் பக்கம் என்பதுதான். பொழுது போகவேண்டுமே என்று, எந்தப் பொருளின் முன்னால் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கைக்கடிகாரத்தில் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் அருங்காட்சியகத்தில் அதிக நேரம் நிற்பது மின்விசிறிக்கு அடியில்.

நகரத்தில் உள்ள மற்ற அருங்காட்சியகக் காவலர்களும் நானும் சாயங்காலம் கோப்பிக் கடையில் கூடுவோம். எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று கோப்பி ஆறும்வரை சண்டை நடக்கும். அவரவர் ஸ்டூல் இருக்கும் இடமே அவரவருக்கு முதலிடம். நான் மட்டும் நின்ற நேரத்தைச் சாட்சியாக வைத்துப் பேசுவேன். அதனால் அங்கே எனக்கு "நீதிபதி காதர்" என்று பட்டப்பெயர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வூதியக் காகிதங்களுக்காக என் பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். நடக்கப் பழகும் முன்பே கப்பல் ஏறிவிட்டேன். நகலை வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். ராஜபாளையத்தில் என் சின்னம்மா மகள் நூர்ஜஹான் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

தெருமுனையில் என்னை முதலில் வரவேற்றது ஒரு வெள்ளை நாய். இளஞ்சிவப்பு மூக்கு, ஆள் உயரத்துக்குக் கால். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஜாதி என்று தெரியும், அது இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று தெரியாது. நூர்ஜஹான் வாசலிலிருந்து கத்தினாள். "அண்ணே, அசையாம நில்லுங்க! அது பாத்துட்டு அதுவா போயிரும்." நின்றேன். அது என் பெட்டியையும் என்னையும் நான்கு நிமிடம் பார்வையிட்டுவிட்டுப் போனது. என் ஸ்டூலைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் எதையும் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் அவள் கணவர் சிக்கந்தர் பட்டப்பகலில் கைலியோடு உட்கார்ந்திருந்தார். நூற்பாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர், பகலில் வீட்டில் என்ன செய்கிறார்? "லீவா மாப்பிள்ளை?" என்றேன். "ஆமா மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மதியச் சாப்பாட்டில் கறிக்குழம்பு பிரமாதம். சிக்கந்தர் இரண்டு கவளத்தோடு கை கழுவினார்.

அடுப்படியில் நூர்ஜஹான் விஷயத்தைச் சொன்னாள். "லீவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. சஸ்பெண்டு. பத்து நாளாச்சு. ரிங் பிரேம்ல ஒரு கியரு உடைஞ்சிருச்சு. அவிய சுத்தியலால ஓங்கி அடிச்சு மாட்டுனதாலதான் உடைஞ்சுச்சுன்னு எழுதிட்டாங்க. பூசை லீவு முடிஞ்சு மில்லு தெறக்குற அன்னைக்கு விசாரணை. பதினாறு வருச சர்வீசு. வெளிய போன்னுட்டா எங்கண்ணே போவாவ?"

ரிங் பிரேம் என்பது நூல் நூற்கும் இயந்திரம். அதில் ஒரு பல்சக்கரம் நின்றால் நூல் சுற்றும் நூற்றுக்கணக்கான கதிர்கள் நின்றுவிடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் சிக்கந்தரின் பள்ளிக்கூடத் தோழர் சங்கரலிங்கம் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நண்பனைத் தேற்றுவதற்காகத் தினமும் பஸ் ஏறி வருகிறவர். என் உத்தியோகத்தைக் கேட்டார், சொன்னேன். நின்ற நேரத்தைப் பற்றியும் சொன்னேன்.

"மியூசியம்னா எங்க ஊருக்கு வாங்க அண்ணாச்சி" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் சங்கரலிங்கம். "ஆண்டாள் கோயில் தேரு ஒண்ணு போதும். ஒவ்வொரு மரத்துலயும் எம்புட்டு பொம்மை தெரியுமா? ராசபாளையத்துல என்ன இருக்கு? மில்லுச் சங்கு இருக்கு."

"தேரு எப்படிலே மியூசியம் ஆவும்? அதுதான் ஓடுதுல்லா?" என்றது ஒரு குரல். நான் வந்த பிறகு சிக்கந்தர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"வருசத்துல ஒரு நாள்தானலே ஓடுது. மிச்ச நாளு நிக்குதுல்லா?"

"எங்க மில்லு மெயின்டனன்ஸ் ரூம்ல ஒரு போர்டு இருக்கு. அதைப் போயிப் பாரு..." என்று வேகமாக ஆரம்பித்த சிக்கந்தர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகம் பழையபடி இருண்டது. என்ன போர்டு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மச்சான்" என்றார்.

அந்த மனிதரைப் பேசவைக்க ஒரு வழி எனக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு ஊரில் எந்த ஊர் அருங்காட்சியகம் முதலிடம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதாகவும், இருவரும் அவரவர் ஊரைக் காட்டவேண்டும் என்றும் அறிவித்தேன். சங்கரலிங்கம் அப்போதே ஜெயித்துவிட்டவர் போலச் சிரித்தார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். அலுவலகத்தில் குமாஸ்தா என் மனுவை வாங்கி, அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். "நாளைக்கு ஆயுத பூசை, மறுநாளு விசயதசமி. அதுக்கு மறுநாளு வாங்க" என்றார். கல்லுக்கு அடியில் இன்னும் பல மனுக்கள் இருந்தன. பினாங்கில் என்றால் நான் கோபப்பட்டிருப்பேன். இங்கே தீர்ப்புச் சொல்லும் வேலை கையில் இருந்ததால், நல்லதாகப் போயிற்று என்று வெளியே வந்தேன்.

தேரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பதினோரு நிமிடம் நின்றேன். கழுத்து வலிக்காவிட்டால் இன்னும் நின்றிருப்பேன். ஒரு யாளியின் வாய்க்குள் குருவி கூடு கட்டியிருந்தது. அதையும் சேர்த்து எண்ணச் சொன்னார் சங்கரலிங்கம். பிறகு கோர்ட்டுக்கு அழைத்துப்போய், ஒரு ஜன்னல் கம்பி வழியாக இருட்டறை ஒன்றைக் காட்டினார். வழக்குகளில் பிடித்த பொருட்கள் வைக்கும் அறை. அரிவாள், சைக்கிள், பித்தளைக் குடம், ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றிலும் சீட்டு கட்டித் தொங்கியது. "கேஸ் நம்பர் இல்லாம ஒரு குண்டூசி உள்ள போவாது அண்ணாச்சி" என்றார். எங்கள் அருங்காட்சியகத்தில் பாதிச் சீட்டுகளைப் பூச்சி தின்றுவிட்டது. ஒன்பது நிமிடம் கொடுத்தேன்.

அடுத்தது பால்கோவா. விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டியை ஒருவர் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தார். சூடு ஆறுமுன் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அங்கே பதினேழு நிமிடம் நின்றுவிட்டேன். இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று சங்கரலிங்கம் வாதாடினார். தின்ற நேரத்தை நின்ற நேரமாகச் சேர்க்க முடியாது என்று நான் மறுத்தேன். "தின்னாம சும்மா நின்னதே எட்டு நிமிசம், நான் பாத்தேன்" என்றார். கோர்ட்டுக்காரரிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு.

அவரும் என்னோடு பஸ் ஏறினார். பாதி வழியில் டயர் வெடித்தது. கண்டக்டர் இறங்கி, டயரைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "எல்லாரும் செத்த நேரம் காத்து வாங்குங்க" என்றார். பினாங்குப் படகு நின்றுபோனால் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இங்கே மேற்கே மலை நின்றது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் கட்டுத்துணி ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் துணிச்சுருள்கள். மெத்தைமேல் படுத்தது போல ஊர் வந்து சேர்ந்தேன்.

வழியில் சங்கரலிங்கம் அந்த போர்டு பற்றிச் சொன்னார். "மில்லுல எது உடைஞ்சாலும் இரும்புக்கடைக்குப் போட மாட்டாக. ஒரு பலகையில ஒவ்வொரு ஃபிட்டரு பேரும் எழுதி, யாரு கையில உடைஞ்சுச்சோ அவன் பேருக்குக் கீழ தொங்கவிட்டிருவாக. பாத்துப் பயந்து வேலை செய்யட்டும்னு. பதினாறு வருசமா சிக்கந்தரு பேருக்குக் கீழ ஒண்ணு கிடையாது அண்ணாச்சி. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். இப்ப போர்டுல ஏறிட்டான்."

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. அன்று மட்டும் மில்லுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். தொழிலாளிகள் பெண்டாட்டி பிள்ளைகளோடு போய்த் தங்கள் இயந்திரத்தைக் காட்டுவார்கள். வருடம் தவறாமல் நூர்ஜஹானை அழைத்துப்போகும் சிக்கந்தர் இந்த வருடம் மாட்டேன் என்றார். "கேட்டுல வாட்ச்மேன் மூஞ்சில எப்படி முழிப்பேன் மச்சான்?"

"மாப்பிள்ளை, ஸ்ரீவில்லிபுத்தூர் இப்போ முன்னால நிக்குது. நீங்க வரலைன்னா அவருக்கே முதலிடம்னு சொல்லிடுவேன்" என்றேன். விடுமுறை என்று காலையிலேயே வந்துவிட்ட சங்கரலிங்கம் தோளைக் குலுக்கிக் காட்டினார். சிக்கந்தர் ஐந்து நிமிடம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நூர்ஜஹானும் கிளம்பினாள். வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க பாய், பொரி வாங்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

இரைச்சலுக்குப் பேர்போன இடம் அன்று அமைதியாக இருந்தது. இயந்திரங்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். தரையெல்லாம் கோலம். குழந்தைகள் சுண்டலைத் தின்றுகொண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஓடின.

மெயின்டனன்ஸ் அறையில் அந்தப் பச்சைப் பலகை ஒரு சுவரையே அடைத்திருந்தது. வெள்ளை எழுத்தில் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆணிகளில் உடைந்த இரும்புகள். ஒவ்வொரு இரும்பிலும் சீட்டு: தேதி, மெஷின் நம்பர், யார் கையில். பூஜைக்காகப் பலகைக்கும் மாலை போட்டிருந்தார்கள். சிக்கந்தர் பெயருக்குக் கீழே ஒரே ஒரு பல்சக்கரம். அதன்மேலும் சந்தனப் பொட்டு. அவர் அதைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த மனிதரை இங்கே இழுத்து வந்தது பெரிய பாவம் என்று எனக்குப் பட்டது.

வந்ததற்கு ஒழுங்காகவாவது பார்ப்போம் என்று சீட்டுகளை ஒன்றுவிடாமல் படித்தேன். சீட்டுப் படிப்பது என் பிழைப்பு. பழகிய கண்ணுக்கு ஒன்று உறுத்தியது. எந்த அருங்காட்சியகத்திலும் பொருளை, வைத்திருந்தவன் பேரைச் சொல்லி அடுக்க மாட்டார்கள். பானை என்றால் பானையோடு பானை, வாள் என்றால் வாளோடு வாள். இங்கே ஒரே மாதிரி பல்சக்கரங்கள் ஐந்து, ஐந்து பெயர்களுக்குக் கீழே ஆளுக்கு ஒரு மூலையில் தொங்கின. ஐந்தும் கடைசி இரண்டு வருடத்தில் உடைந்தவை. ஐந்திலும் ஓரமாக, செய்த கம்பெனியின் அடையாளம் போல, ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் அச்சுக் குத்தியிருந்தது. பழைய சீட்டுள்ள சக்கரங்களில் அந்த அச்சு இல்லை. அவை பல் தேய்ந்து போனவை. விரிசல் விட்டவை இல்லை.

இருபத்திரண்டு வருடமாக "தொடாதீர்கள்" என்று சொல்லிவந்த நான் கையை நீட்டி முதல் சக்கரத்தைக் கழற்றினேன்.

"மச்சான், தொடாதிய!" என்று பதறினார் சிக்கந்தர். நான் அதற்குள் இரண்டாவதையும் கழற்றியிருந்தேன். பொரிப் பொட்டலத்தின் செய்தித்தாளைத் தரையில் விரித்து, ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினேன். எல்லாவற்றிலும் நடு ஓட்டையில், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் இரும்புக் கட்டையைச் சொருகுகிற பள்ளமான காடியின் ஒரே மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. பார்க்க ஐந்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சிக்கந்தர் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு காடியிலும் விரல் நகத்தை ஓட்டினார். பழைய சக்கரம் ஒன்றையும் எடுத்துத் தடவினார்.

"பழசுல மூலை உருண்டு இருக்கு மச்சான். இதுல கத்தி மாதிரி வெட்டி விட்டிருக்கான். இப்படி இருந்தா அந்த மூலையிலதான் பொளக்கும். சுத்தியலே வேண்டாம், மெஷினு ஓடுற ஓட்டத்துலயே பொளந்துரும்." ஐந்து சக்கரங்களையும் காட்டிக் கேட்டார். "அஞ்சு பேருமா ஒண்ணு போலத் தப்பா அடிச்சோம்?"

கூட்டம் கூடிவிட்டது. மற்ற நான்கு பெயர்க்காரர்களில் இருவர் முண்டியடித்து வந்து அவரவர் சக்கரத்தைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் நூற்புப் பிரிவுக்குப் பொறுப்பான ஸ்பின்னிங் மாஸ்டரும் வந்தார். வெள்ளை வேட்டி, கண்டிப்பான முகம். அந்த போர்டை மாட்டியவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. தரையையும் என்னையும் பார்த்து, "யார் எடுத்தது?" என்றார்.

"நான்தான் சார்."

"நீங்க எஞ்சினியரா?"

"இல்ல சார். மியூசியத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறவன்."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஐந்து சக்கரங்களையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டு, அந்த ஊரில் பலருக்கு வீட்டுமொழியான தெலுங்கில் ஏதோ சொன்னார். சிக்கந்தர் என் காதில் மொழிபெயர்த்தார். "ஸ்டோர்ல மாட்டாத புதுச் சக்கரம் இருந்தாக் கொண்டான்னு சொல்றாரு. அவன், ஸ்டோரு சாவி பூசையில இருக்கு, இன்னைக்கு எடுக்கக்கூடாதுங்கான்."

ஆயுத பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது வழக்கம். சாவி ஆயுதமா, இல்லையா? அங்கே ஒரு பெரிய தர்க்கம் கிளம்பியது. சுத்தியல் ஆயுதம், ஸ்பேனர் ஆயுதம், சாவி எப்படி ஆயுதமாகும் என்றார் ஒருவர். அப்படியானால் தட்டில் ஏன் வைத்தாய் என்றார் இன்னொருவர். சங்கரலிங்கம் கோர்ட்டுக் குரலில், "பூட்டுதான்யா ஆயுதம், சாவி அதை விடுதலை பண்ணுறது" என்றார். மாஸ்டர் தெலுங்கில் சுருக்கமாக ஒன்று சொன்னார். எல்லோரும் அடங்கினார்கள். "'தீபாராதனை முடிஞ்சிருச்சு. சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும்'ங்காரு" என்றார் சிக்கந்தர்.

மூன்று புதுச் சக்கரங்கள் வந்தன. மூன்றிலும் வட்டமும் புள்ளியும். பார்வைக்கு விரிசல் எதுவும் இல்லை. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். சிக்கந்தர் எழுந்து நின்றார். "சார், மண்ணெண்ணெயும் ஒரு பழந்துணியும் மட்டும் தாங்க. ரெண்டும் ஆயுதம் இல்ல."

காடி மூலைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். "செத்த நேரம் பொறுங்க" என்றார். அறையில் பொரி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு சக்கரங்களைத் துணியால் ஒட்டத் துடைத்தார். வாசலில் கோலம் போட்டு மீந்திருந்த கோலப்பொடியை ஒரு பெண்ணிடம் வாங்கி, மெல்லிசாகத் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியை நனைக்கும்.

முதல் சக்கரம் வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதில், காடியின் அதே மூலையில், தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. யார் கையும் படாத, எந்தச் சுத்தியலும் பார்க்காத சக்கரம் அது.

"எவிடென்ஸுன்னா இதுய்யா எவிடென்ஸு!" என்று கத்தினார் சங்கரலிங்கம். கூட்டம் விசிலடித்தது. நூர்ஜஹான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் நெடி என்று யாரிடமோ பொய் சொன்னேன். மாஸ்டர் நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது. இந்த முறை தமிழிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "பேரைப் பாத்தேனே தவிர பொருளைப் பாக்கலையே சிக்கந்தரு. ரெண்டு வருசமா தெனமும் இதைத் தாண்டித்தான் போறேன்."

அன்று இரவுச் சாப்பாட்டில் சிக்கந்தர் ஏழு பரோட்டா சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

விஜயதசமி முழுதும் தூக்கம். அதற்கு மறுநாள் காலையில் விசாரணை என்று ஒன்று நடந்தது, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. சஸ்பெண்ட் ரத்து. மற்ற நான்கு பேரின் பணிப்பதிவுத் தாளிலும் இருந்த கறுப்புக்குறியை அடித்துவிட்டார்கள். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லுக்கு அடியிலிருந்து என் மனுவை மீட்டு, நகலை வாங்கிக்கொண்டிருந்தேன். சங்கரலிங்கம் ஒரு பெட்டி பால்கோவாவை என் கையில் திணித்தார். "ராசபாளையத்துக்கு முதலிடம்னு ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா அந்த பதினேழு நிமிசத்தை மட்டும் அடிச்சிராதிய."

ஊருக்குக் கிளம்புமுன் மில்லுக்கு ஒருமுறை வரச்சொல்லி மாஸ்டர் ஆள் அனுப்பினார். பலகைக்குப் புதுப் பச்சை அடித்திருந்தார்கள், இன்னும் வாசனை போகவில்லை. பன்னிரண்டு பெயர்களும் இல்லை. பல்சக்கரம், பெல்ட், பேரிங் என்று பொருள்வாரியாக எழுதி, ஒரே இனத்தை ஒரே இடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல். "உங்களுக்குத்தான், உக்காருங்க" என்றார் மாஸ்டர்.

நான் உட்காரவில்லை. முதல் ஆணியில் சிக்கந்தரின் சக்கரம் தொங்கியது. புதுச் சீட்டு, சிக்கந்தரின் கையெழுத்து. தேதி, மெஷின் நம்பர், அச்சுக்குறி. "யார் கையில்" என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "யார் கண்ணில் பட்டது" என்று போட்டிருந்தார்கள். அதற்கு நேராக எழுதியிருந்தது: காதர், அருங்காட்சியகக் காவலர், பினாங்கு.

அந்தச் சீட்டின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.